ரேட்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வாரம் நம் பள்ளி முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கொட்டேஷன் வந்தது. ஆண்டு விழாவுக்கு ஆறு ரோல்-அப் ஸ்டாண்டி. கீழே ஒரு அலுமினியப் பெட்டி, அதற்குள் சுருண்டு கிடக்கும் பேனர், மேலே இழுத்துக் கம்பியில் மாட்டினால் ஆள் உயரத்துக்கு நிற்குமே, அதுதான். ஃப்ளெக்ஸ் பிரிண்டோடு சேர்த்து ஒன்று 1,300 ரூபாய், ஆறுக்கு 7,800. பத்து நிமிடத்தில் முப்பது பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். நான் மட்டும், "கொஞ்சம் பொறுங்க. என்ன மெட்டீரியல், என்ன மைன்னு கேட்டீங்களா?" என்று எழுதினேன்.

குழு அமைதியாகிவிட்டது. அப்புறம் தனித்தனியாகப் போன் வந்தது. "சாருக்கு எதுலயும் ஒரு குறை" என்று ஒருவர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். இருக்கட்டும். முப்பத்து மூன்று வருடம் அறிவியல் பாடம் நடத்தியவனுக்குக் கேள்வி கேட்கிற வியாதி லேசில் போகாது. ஆனால் இந்தத் தடவை நான் கேட்டதற்குக் காரணம் அறிவியல் மட்டுமல்ல. ஏற்கெனவே ஒரு தடவை நானே ஏமாந்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அறிவியல் கண்காட்சிக்காக நான்கு ஸ்டாண்டி வாங்கினோம். பணம் ஆசிரியர்களும் பெற்றோரும் போட்டது. வாங்கப் போனவன் நான். மூன்று கடையில் விலை கேட்டு, இருப்பதிலேயே குறைந்த விலைக்கு முடித்து, ஏதோ சாதித்துவிட்ட மாதிரி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் நாற்றம். பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. கண்காட்சி அறையில் நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் தலைவலி என்று வெளியே வந்து உட்கார்ந்தார்கள். சன்னல்களைத் திறந்து வைத்துச் சமாளித்தோம். மாலையில் சுருட்டி வைத்து, அடுத்த மாதம் விரித்தால், ஒன்றில் மை காயாமல் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "ஒளிச்சேர்க்கை" என்ற தலைப்பில் பாதி எழுத்து இல்லை. அடுத்த கோடையில் நான்கின் ஓரங்களும் பொரித்த அப்பளம் மாதிரி உள்நோக்கி மடங்கிவிட்டன. சன்னலோரம் நின்றதில் சிவப்பு வெளுத்து, இதயத்தின் படம் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. ஒரு வருடம் முடிவதற்குள் நான்கும் படிக்கட்டுக்குக் கீழே போய்ச் சேர்ந்தன.

கோபத்தோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "சார், நீங்க ரேட்டு மட்டும்தான கேட்டீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. உண்மைதானே? இருபது ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கினால் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். வேட்டி வாங்கினால் நூலைத் தடவிப் பார்க்கிறோம். பொதுப்பணத்தில் ஆயிரக்கணக்கில் பேனர் அடித்தால் மட்டும் "என்ன ரேட்டு?" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அன்றிலிருந்து பேனர் கடைக்குப் போகும்போதெல்லாம் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடைகளில் மெஷின் ஓட்டுகிற பிள்ளைகளில் என் மாணவர்களும் உண்டு. அவர்கள் சொல்லிக் கொடுத்ததையும் எனக்குத் தெரிந்த வேதியியலையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஷீட்.

ஃப்ளெக்ஸ் என்பது நடுவில் பாலியஸ்டர் நூல் வலை, இரண்டு பக்கமும் பிவிசி பூச்சு. பிவிசி என்றால் நம் போர்வெல்லுக்கு இறக்குகிற குழாய் இருக்கிறதே, அதே பொருள். இயல்பில் விறைப்பானது. அதற்குள் எண்ணெய் போன்ற மென்மையாக்கிகளைக் கலந்தால் துணி மாதிரி வளையும் என்பதை 1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். மழைக்கோட்டிலிருந்து ஃப்ளெக்ஸ் வரை அந்த வழியில் வந்தவைதான். அந்த மென்மையாக்கி ஷீட்டோடு வேதிப்பிணைப்பில் இல்லை, சும்மா கலந்து கிடக்கிறது. வெயிலிலும் சூட்டிலும் மெல்ல நகர்ந்து வெளியேறும். ஷீட் விறைக்கும், சுருங்கும், ஓரம் மடங்கும்.

நான்கு பக்கமும் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தால் ஃப்ளெக்ஸ் பேசாமல் நிற்கும். வெளியில், மழையில், தூரத்திலிருந்து பார்க்கிற போர்டுக்கு அது பொருத்தம்தான். ஆனால் ஸ்டாண்டியில் மேலேயும் கீழேயும்தான் பிடிப்பு, பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. அதிலும் மீதி நாளெல்லாம் சிறிய உருளையில் இறுக்கமாகச் சுருண்டு கிடக்க வேண்டும். கனமான ஃப்ளெக்ஸைப் போட்டால் பெட்டிக்குள் இடமும் பற்றாது, ஸ்பிரிங்கும் சீக்கிரம் தளரும். வண்டி மாட்டை ஜல்லிக்கட்டுக்கு அவிழ்த்துவிட்ட கதை. மாட்டின் மேல் குற்றமில்லை.

ஸ்டாண்டிக்கென்றே வேறு ஷீட்கள் இருக்கின்றன. ஒன்று பெட் ஃபிலிம். தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக், தட்டையாக, ஏறக்குறைய போஸ்ட் கார்டு கனத்தில் வரும். சுருட்டி விரித்தாலும் ஓரம் மடங்காது. இதிலேயே பின்பக்கம் சாம்பல் நிறப் பூச்சுள்ளது கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சன்னலுக்கு முன்னால் நிறுத்தும்போது பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவி எழுத்து மங்கும். இரண்டாவது பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன். சீனி மூட்டைச் சாக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் இந்த வகைதான். காகிதம் மாதிரி இருக்கும், கையால் கிழிக்க முடியாது, விலை குறைவு. நாலைந்து நிகழ்ச்சிக்குத் தாங்கும். மூன்றாவது பாலியஸ்டர் துணி. மடித்துப் பையில் வைக்கலாம், துவைக்கலாம், விளக்கு வெளிச்சம் பட்டால் பளபளத்துக் கண்ணைக் கூசாது.

"காடாத் துணியில் அடிக்கலாமே சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சுவரில் கட்டித் தொங்கவிட பருத்தியைப் போல வராது. ஆனால் ஸ்பிரிங் உருளையில் பருத்தி கோணும், சுருக்கம் விழும், ஓரம் பிரியும். அதற்கு மேலேயும் கீழேயும் இரண்டு மூங்கில் குச்சி போதும், அலுமினியப் பெட்டி எதற்கு?

இப்போது மை. கடையில் நாம் கேட்கவே கேட்காத சங்கதி இதுதான்.

எனக்கு நாற்றம் கொடுத்தது சால்வென்ட் மை. அதிலுள்ள கரைப்பான் பிவிசியை லேசாகக் கரைத்து உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மழைக்கு அசையாது, விலையும் குறைவு. ஆனால் அந்தக் கரைப்பான் முழுக்க ஆவியாகிப் போக ஒரு நாளாவது காற்றில் விரித்துப் போட வேண்டும். காலையில் அடித்து மதியம் சுருட்டிக் கொடுத்தால் மிச்சம் நம் வகுப்பறையில்தான் ஆவியாகும். ஈகோ சால்வென்ட் என்பது வீரியம் குறைந்த கரைப்பான். நாற்றம் வெகுவாகக் குறைவு, படமும் நுணுக்கமாக விழும். பேரில் "ஈகோ" இருப்பதால் பச்சைத் தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கும் காய நேரம் வேண்டும், ஏற்ற பூச்சுள்ள ஷீட்டும் வேண்டும்.

லேடெக்ஸ் மை தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. மெஷினுக்குள்ளேயே சூட்டில் காய்ந்து வெளியே வரும், வந்ததும் சுருட்டலாம், நாற்றம் இல்லை. பேரைப் பார்த்து ரப்பர் பால் என்று நினைக்காதீர்கள், அதில் ரப்பர் மரத்துக்கு வேலையே இல்லை. யூவி மை புற ஊதா விளக்கு பட்டதும் உறைந்து ஒரு மெல்லிய தோலாக ஷீட்டின் மேலே நிற்கும். அட்டை, பலகை, கண்ணாடிக்கு அருமை. ஆனால் விறைப்பான வகை யூவி மையை உருளையில் இறுக்கிச் சுருட்டினால் காய்ந்த கண்மாய் மாதிரி வெடிப்பு விழும். வளையும் யூவி மைதானா என்று கேட்டு உறுதி செய்யாமல் ஸ்டாண்டிக்கு அடிக்கக் கூடாது.

துணிக்குச் சப்ளிமேஷன். ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே பூச்சு என்று ஒன்று இல்லாததால் உரிய வழியில்லை, வெடிக்க வழியில்லை. நம்ம ஊர்க் கபடி டீமுக்குத் திருப்பூரிலிருந்து நம்பரும் பேருமாக ஜெர்சி வருகிறதே, அது இந்த முறைதான். எத்தனை தடவை மண்ணில் புரண்டு துவைத்தாலும் நம்பர் போவதில்லை, பார்த்திருப்பீர்கள். பருத்தியில் இது பிடிக்காது, பாலியஸ்டரில் மட்டும்தான்.

இன்னொன்று, தண்ணீர் மை. அதில் சாயம், நிறமி என்று இரண்டு உண்டு. தண்ணீரில் கரைவது சாயம். கரையாமல் நுண்துகளாக மிதப்பது நிறமி. வெயிலில் சாயம் சீக்கிரம் வெளுக்கும், நிறமி தாக்குப்பிடிக்கும். இதற்குச் சாட்சி வேண்டுமானால் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சித்தன்னவாசல் கூரையில் தாமரைக் குளத்தை வரைந்தவர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பயன்படுத்தியது மண்ணிலும் கல்லிலும் எடுத்த நிறமிகள். சிதைந்தது போக மிச்சம் இன்றும் நிறத்தோடு இருக்கிறது. நாம் அடித்தது ஒரு கோடையைத் தாண்டவில்லை.

ஆகவே ஷீட்டும் மையும் தனித்தனியாக நல்லதாக இருந்தால் போதாது, இரண்டுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். ஸ்டாண்டிக்கு நான் சிபாரிசு செய்கிற ஜோடி இரண்டு: சாம்பல் முதுகுள்ள பெட் ஃபிலிமில் ஈகோ சால்வென்ட் அல்லது லேடெக்ஸ், அல்லது பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன்.

இதெல்லாம் ஒரு பேனருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று தோன்றலாம். பேனரோடு முடிகிற விஷயமாக இருந்தால் நானும் விட்டிருப்பேன்.

காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று நம் ஊரில் ஃப்ளெக்ஸ் இல்லாத வாரம் கிடையாது. விசேஷம் முடிந்த மறுநாள் அவை எங்கே போகின்றன? கொஞ்சம் மாட்டுக் கொட்டகைக்கு மேல். கொஞ்சம் வைக்கோல் போருக்கு மேல். மீதி குப்பையோடு எரிகிறது. பிவிசியில் குளோரின் இருக்கிறது. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்ஸின் என்ற கொடிய நச்சும் உருவாகும். பத்தாம் வகுப்பில் நான் நடத்திய பாடத்தை, மார்கழிக் காலையில் குளத்துக்கரையில் ஃப்ளெக்ஸை எரித்துக் குளிர் காய்கிற என் மாணவர்களிடமே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. பிளாஸ்டிக் கொடி அந்தப் பட்டியலில் உண்டு, ஃப்ளெக்ஸ் பேனர் இல்லை. 2022 சூலை 1 முதல் மத்திய அரசின் தடையில் பிவிசி பேனரும் வந்தது, ஆனால் 100 மைக்ரானுக்குக் குறைவானது மட்டும். கடைகளில் நாம் பார்க்கிற ஃப்ளெக்ஸ் அதைவிடத் தடிமன். வலையின் கண்ணைவிடப் பெரிய மீனை வைத்துக்கொண்டு சின்ன மீனுக்கு மட்டும் தடை போட்ட மாதிரி. பக்கத்து மாநிலமான கேரளம் 2019-இலேயே பிவிசி ஃப்ளெக்ஸுக்குத் தடை விதித்துப் பருத்தித் துணி போன்ற மாற்றுகளுக்குப் போகச் சொன்னது.

அதே 2019-இல் இங்கே என்ன நடந்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செப்டம்பர் 12, சென்னைப் பள்ளிக்கரணை. வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்த 23 வயது மென்பொறியாளர் மேல் ஒரு கல்யாணப் பேனர் சரிந்து, அவர் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. விதிமீறிய பேனர்களுக்கு எதிராக உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே பலமுறை உத்தரவு போட்டிருந்தது. நம் வீட்டுப் பிள்ளை வயது. ஸ்டாண்டி யார் மேலும் விழுந்து கொல்லாது, உண்மைதான். ஆனால் "எல்லாரும் வைக்கிறாங்க, நாமளும் வைப்போம்" என்கிற அதே மனசுதான் இரண்டுக்கும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16, கஜா. தென்னையும் கூரையும் போய் நாம் திறந்தவெளியில் நின்றபோது தார்ப்பாய் வந்து சேரும் வரை பல வீடுகளுக்குக் கூரையானது பழைய ஃப்ளெக்ஸ்தான். தலைவர்களின் சிரித்த முகத்துக்குக் கீழே பிள்ளைகள் தூங்கினார்கள். அதனால் ஃப்ளெக்ஸைச் சபிக்க என் நாக்கு எழவில்லை. வருடக்கணக்கில் மழை தாங்குகிற ஒரு பொருளை ஒரு நாள் விசேஷத்துக்குச் செலவழிக்கிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாலியஸ்டரும் பெட்டும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பீர்கள். ஆம். அதை மறைக்கவில்லை. மாற்றிய ஷீட்டும் ஒரு நாள் குப்பைதான். அந்த நாளைத் தள்ளிப்போடுவதும் எண்ணிக்கையைக் குறைப்பதும்தான் நம் கையில் இருப்பது.

1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் தொண்டனாக இருந்தேன். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்ட காலம். அன்றைக்குப் பேனர் என்றால் காடாத் துணி, அதில் பெயிண்ட். ஊர் ஓவியர் ஒருவர் திண்ணையில் துணியை விரித்துப் போட்டு எழுதுவார். தேதியை மட்டும் தனித் துண்டில் எழுதிக் குத்தூசியால் மாட்டுவார். அடுத்த ஊர்க் கூட்டத்துக்குத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். எழுத்து மங்கிய பிறகு அந்தத் துணி பையானது, கரும்பலகை துடைக்கிற டஸ்டரும் ஆனது. சிக்கனம் என்று அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. அந்த ஓவியர் இன்றும் இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கை நிற்கவில்லை, வேலைதான் நின்றுவிட்டது.

இப்போது என் யோசனை.

ஆறு வேண்டாம், மூன்று போதும். புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் விசாரித்துவிட்டேன். நல்ல ஸ்பிரிங் உள்ள பெட்டி, பெட் ஃபிலிம், ஈகோ சால்வென்ட், ஒன்று 2,000 ரூபாய்க்கு வருகிறது. மூன்றுக்கு 6,000. மிச்சம் 1,800 ரூபாய்.

பெட்டியைக் கழற்றி ஷீட்டை மட்டும் மாற்ற முடிகிற வகையாகப் பார்த்து வாங்குவோம். அடுத்த தடவை ஷீட்டுக்கு மட்டும் செலவு.

தேதி வேண்டாம். "ஆண்டு விழா" என்றுகூட வேண்டாம். நம் யாருடைய போட்டோவும் வேண்டாம், என்னுடையது கண்டிப்பாக வேண்டாம். தேதி போட்ட பேனர் மறுநாளே குப்பை. அதற்குப் பதில் வருடம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கும்படி மூன்று சங்கதி வைப்போம். ஒன்று, நம் திருவரங்குளத்திலிருந்து போய் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கும் சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது நம் ஊர்ச் சாமி என்று தெரியும்? இரண்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் வம்பன் பயறு ஆராய்ச்சி மையமும் அது தந்த உளுந்து ரகங்களும். மூன்று, நம் மாவட்டத்து அறிவொளியும் சைக்கிளும். விழா மேடையிலும் நிற்கும், மறுநாள் நூலகத்திலும் நிற்கும்.

கடையில் கேட்க வேண்டியவை: என்ன ஷீட்? பின்பக்கம் சாம்பல் பூச்சு உண்டா? என்ன மை? அடித்து எத்தனை மணி நேரம் காய விடுவீர்கள்? மாதிரித் துண்டு ஒன்று தருவீர்களா? அந்தத் துண்டை நகத்தால் சுரண்டுங்கள், விரலில் இறுக்கிச் சுற்றி விரியுங்கள், முகர்ந்து பாருங்கள். மூன்றிலும் தேறினால் ஆர்டர் கொடுங்கள். டிசைன் செய்கிற தம்பிக்கு ஒரு வார்த்தை: ஷீட்டின் அடியில் நாலைந்து அங்குலம் பெட்டிக்குள் போய்விடும், கடைக்காரரிடம் சரியான அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே முக்கியமான எழுத்தை வைக்காதீர்கள், பெஞ்சு மறைத்துவிடும். வந்த பிறகு நாமும் ஒன்று செய்ய வேண்டும். மடக்கும்போது ஷீட்டைச் சட்டென்று விட்டுவிடாமல் கையோடு கீழே இறக்க வேண்டும். எங்கள் நான்கில் ஒன்றின் ஸ்பிரிங் அப்படித்தான் போனது.

மிச்சமுள்ள 1,800 ரூபாயைப் பற்றி. பள்ளியின் வெளிச்சுவரில், சாலையைப் பார்த்த பக்கம், நம் பள்ளியின் பெயர் பாதி உதிர்ந்து கிடக்கிறது. நான் சொன்ன ஓவியரைப் போன வாரம் பார்த்தேன். பெயிண்ட் வாங்கிக் கொடுத்தால் எழுதித் தருகிறேன் என்றார். கூலி கேட்டேன், "பள்ளிக்கூடத்துக்கா? என்னத்த சார் கேக்குறது" என்றார். சும்மா வாங்கக் கூடாது. பெயிண்ட் போக மீதியை அவர் கையில் கொடுப்போம். பற்றாவிட்டால் நான் போடுகிறேன்.

வருகிற சனிக்கிழமை மாலை கூட்டத்தில் இதை முடிவு செய்கிறோம். ஆறு ஃப்ளெக்ஸ்தான் வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னால் கட்டுப்படுகிறேன், என் பங்குப் பணத்தையும் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த வருடம் அந்த ஆறும் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று இதே குழுவில் போட்டோ போட வேண்டும்.

கருத்தைக் கீழே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் வேண்டாம், இரண்டு வரியாவது எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். மெஷின் ஓட்டுகிற என் மாணவர்கள் கட்டாயம் எழுத வேண்டும், இந்தப் பாடத்தில் நீங்கள்தான் எனக்கு வாத்தியார்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் ஆசிரியர்,
திருவரங்குளம்.